லின்டருக்குச் சிக்காத கன்சோல்.லாக்

காரைக்குடியில் ஆத்தங்குடிக் கல் விற்கிற கடைகளுக்கு வலைத்தளம் செய்து தருகிறேன். கோடைச் சோதிக்கும்போது பிரவுசரின் கன்சோலில் தகவலைக் காட்டச் சொல்லும் வரிதான் கன்சோல்.லாக். வாடிக்கையாளர் போன் நம்பரைக் காட்டும் அப்படி ஒரு வரி மிச்சமிருந்தால், கடைக் கம்ப்யூட்டரில் உட்காரும் யாரும் அதைப் பார்த்துவிடலாம். இதை நான் லேசாக விடுவதில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் கோடில் தவறுகளைத் தேடிக் காட்டும் லின்டர் கருவியான ஈஎஸ்லின்ட் இதைத் தானாகப் பிடிக்காது. 2019இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து அதன் பரிந்துரைத் தொகுப்பில், கன்சோல் வரிகளைப் பிடிக்கும் 'நோ-கன்சோல்' விதி கிடையாது. 'நோ-டீபக்கர்' இருக்கிறது, ஆனால் அது கோடை நடுவில் நிறுத்தும் டீபக்கர் வரியை மட்டும்தான் பார்க்கும்.

ஈஎஸ்லின்டின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் நோ-கன்சோலை நீங்களே சேருங்கள், 'எரர்' என்றே. 'வார்ன்' என்றால் எச்சரித்துவிட்டு வழிவிட்டுவிடும். கன்சோல்.எரர் வேண்டுமென்றால் அந்த விதியின் 'அலோ' (அனுமதி) பட்டியலில் போடுங்கள்.

அப்புறம் வேண்டுமென்றே ஒரு கன்சோல்.லாக் எழுதி லின்ட்டை ஓட்டுங்கள். இன்னும் பிடிக்கவில்லையா? அந்தக் கோப்பு, லின்ட் பார்க்காமல் விடும் இக்னோர் பட்டியலில் இருக்கிறதா, தலையில் 'ஈஎஸ்லின்ட்-டிசேபிள்' கமென்ட் கிடக்கிறதா என்று பாருங்கள்.