மேடுபள்ளமான க்ரோஷே போர்வை: ஓரம் கோணாமல் வர

5.5 மி.மீ. ஊசி, நடுத்தரத் தடிமனுள்ள அக்ரிலிக் உல்லன் நூல் போதும். முதலில் 20 தையலில் ஒரு சின்னத் துண்டு பின்னி அளந்து, அகலத்துக்கு எத்தனை தையல் வேண்டும் என்று கணக்கிடுங்கள். அது இரட்டைப்படையாக இருக்கட்டும். தொடக்கச் சங்கிலி (முதலில் வரிசையாகப் போடும் வளையங்கள்) அதைவிட ஒன்று கூடுதல். சங்கிலிக்கு மட்டும் 6 மி.மீ. ஊசி எடுங்கள், இல்லாவிட்டால் அடிப்பக்கம் சுருங்கிவிடும்.

ஊசியிலிருந்து இரண்டாம் சங்கிலியில் தொடங்கி ஒரு சிங்கிள் (குட்டைத் தையல்), ஒரு டபுள் (ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிப் போடும் உயரமான தையல்) என்று மாறி மாறிப் போட்டு, டபுளில் முடியுங்கள். ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, டபுளின் தலையில் சிங்கிள், சிங்கிளின் தலையில் டபுள். புள்ளிபுள்ளியாக மேடு எழும்பும்.

பலருக்கும் போர்வை போகப்போகக் குறுகும். வரிசையின் கடைசி டபுள் விழ வேண்டிய இடம், முந்தைய வரிசையின் முதல் தையலான குட்டைச் சிங்கிளின் தலை. கண்ணில் படாமல் விட்டுப்போகும். ஒவ்வொரு வரிசையின் முதல் சிங்கிளிலும் ஊக்கு மாட்டுங்கள். வரிசை சிங்கிளில் முடிந்தால் எங்கோ ஒன்று தப்பியிருக்கிறது, பிரித்துவிடுங்கள். அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம், மேடெல்லாம் தட்டையாகிவிடும்.