மூக்கில் ரத்தம் வந்தால் ஹீட்டரோடு நிறுத்திவிடாதீர்கள்: குளிர்நாட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

குளிர்நாட்டில் முதல் குளிர்காலத்தைக் கழிக்கும் பலருக்கும் இது நடக்கும். காலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் சிவப்பாக ஒரு கோடு இருக்கும், இல்லையென்றால் முகம் கழுவும்போது வாஷ்பேசினில் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழும். யாரைக் கேட்டாலும் “ஹீட்டர் காற்றுதான், பழகிவிடும்” என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பதிலை நம்பிக் காத்திருந்ததால் என் நண்பன் வீட்டில் ஓர் உயிர் போகப் பார்த்தது. பெற்றோரைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

வந்ததும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்வது, ஆம்புலன்ஸ் எண்ணை எல்லோர் போனிலும் ஏற்றுவது, காப்பீட்டுத் தாளை ஒருமுறையாவது முழுக்கப் படிப்பது என்று வழக்கமானவற்றை எப்படியும் செய்துவிடுவீர்கள். பெற்றோருக்கு எடுக்கும் பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு இழப்பீடு உண்டா என்று மட்டும் தனியாகக் கேளுங்கள். பல பாலிசிகளில் கிடையாது.

முதலில் வறண்ட காற்று. உறைநிலையில் இருக்கும் காற்று எவ்வளவுதான் ஈரமாக இருந்தாலும் ஒரு கனமீட்டரில் சுமார் 5 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. அதே காற்று வீட்டுக்குள் வந்து 22 டிகிரிக்குச் சூடாகும்போது ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் உண்மையில் இருக்கும் பங்கு, 25 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். வெளியே மைனஸ் 10 என்றால் உள்ளே 10, 11 சதவீதம்தான். இரண்டு மூக்குத் துளைகளுக்கும் நடுவே இருக்கும் சுவரின் முன்பகுதியில் பல ரத்தக்குழாய்கள் வந்து பின்னிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. மருத்துவர்கள் அதை ‘லிட்டில் பகுதி’ என்பார்கள். மூக்கில் ரத்தம் வருவதில் மிகப் பெரும்பகுதி அங்கிருந்துதான். மேலே போர்த்தியிருக்கும் சவ்வு மெல்லியது. அது காய்ந்து பொருக்குத் தட்டி, நாம் விரலை விட்டோ பலமாகச் சிந்தியோ அந்தப் பொருக்கைப் பெயர்த்தால் ரத்தம் வரும்.

இதற்கு வைத்தியம் எளிது. படுக்கையறையில் ஹியூமிடிஃபையர் வையுங்கள், ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். 50-ஐத் தாண்டினால் சன்னலோரம் பூஞ்சை பிடிக்கும், தூசிப் பூச்சி பெருகும். தொட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். உப்புநீர் ஸ்ப்ரேயைப் பகலில் சில தடவை அடித்துக்கொள்ளலாம். இரவில் பெட்ரோலியம் ஜெல்லியைத் துளையின் உட்புறம் லேசாகத் தடவலாம். உப்புநீரால் மூக்கைக் கழுவும் பழக்கம் இருந்தால் குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீர்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோதான். மூக்கடைப்பை உடனே திறக்கும் ஸ்ப்ரேக்களைச் சில நாட்களுக்கு மேல் தொடவே கூடாது. பழகிவிட்டால் அவற்றாலேயே அடைப்பு கூடி, சவ்வும் புண்ணாகிவிடும். ஒவ்வாமைக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதித் தந்திருந்தால் இடது துளைக்கு வலது கையாலும் வலது துளைக்கு இடது கையாலும் அடியுங்கள். அப்போதுதான் மருந்து நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கமாகப் போகும்.

ரத்தம் வரும்போது தலையைப் பின்னால் சாய்க்கும் பழக்கம் நம் ஆட்களிடம் இன்னும் போகவில்லை. எத்தனை முறை சொன்னாலும் வீட்டில் யாராவது ஒருவர் நாடியைப் பிடித்து மேலே தூக்கிவிடுகிறார். சாய்த்தால் ரத்தம் நிற்பதில்லை, தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகிறது, அவ்வளவுதான். பிறகு அது வாந்தியாக வரும். எவ்வளவு ரத்தம் போனது என்ற கணக்கும் தெரியாமல் போய்விடும். நிமிர்ந்து உட்கார்ந்து, சற்று முன்னால் குனிந்து, மூக்கெலும்புக்குக் கீழே உள்ள மெத்தென்ற பகுதியை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் மூச்சு விடுங்கள், வாயில் வரும் ரத்தத்தைத் துப்புங்கள். கடிகாரத்தைப் பார்த்து 10 முதல் 15 நிமிடம். நடுவில் நின்றதா என்று விட்டுப் பார்க்கக் கூடாது, விட்டால் மறுபடி முதலிலிருந்து. அரைமணி நேரம் ஆகியும் நிற்கவில்லை, தலை சுற்றுகிறது, மூச்சுத் திணறுகிறது, தலையில் அடிபட்ட பிறகு வந்தது என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அரைமணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அந்த மாத்திரைதான் நான் சொல்ல வந்த விஷயமே.

நண்பனின் அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாய்) வைத்திருந்தது. ஊரிலிருந்து வரும்போது ஆறு மாதத்துக்கான மாத்திரைகளோடுதான் வந்தார். அதில் ‘ராத்திரி மாத்திரை’ என்று அவர் சொல்லும் ஒரு கேப்சூல். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டோடு கொழுப்பு மாத்திரையும் சேர்ந்து மூன்றும் அந்த ஒன்றிலேயே அடக்கம். இது அவருக்கும் தெரியாது, நண்பனுக்கும் தெரியாது. மருந்துக்கடையில் கத்தரித்துக் கொடுத்த அட்டை. கம்பெனி வைத்த பெயரின் பின்பாதி மட்டும் மிச்சம் இருந்தது, உள்ளே என்ன மருந்து என்று அச்சிட்டிருந்த பொடி எழுத்து வெட்டிய துண்டோடு போய்விட்டது.

இங்கே முதல்முறை மருத்துவரைப் பார்த்தபோது ஸ்டென்ட் இருப்பதைச் சொன்னார்கள். “ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா?” என்று கேட்டதற்கு, “கொலஸ்ட்ராலுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று” என்று பதில் போனது. ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரின் இல்லாமல் இருக்கக் கூடாதே என்று மருத்துவர் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தனித்தனியாக எழுதினார். அப்பா இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டார், ராத்திரி மாத்திரையையும் விடவில்லை. போதாததற்கு முழங்கால் வலிக்கு யாரோ சொல்லி ஐபுபுரோஃபென் வேறு. அதுவும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

முதலில் மூக்கில் லேசாக ரத்தம் வந்தது. எல்லோரும் ஹீட்டரைச் சொன்னார்கள், ஹியூமிடிஃபையர் வாங்கினார்கள். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது, பிரஷ்ஷை மாற்றினார்கள். முன்னங்கையில் நீலநீலமாகத் திட்டுகள் தெரிந்தன, எங்காவது இடித்திருப்பார் என்று விட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு நாள் விடிகாலையில் மூக்கில் நிற்காமல் வந்து, பின்பக்கமாகத் தொண்டையில் இறங்கி, கறுப்பாக வாந்தி எடுத்து மயங்கிவிட்டார்.

மருத்துவமனையில் மூக்குக்குள் அடைப்பு வைத்து, ரத்தம் ஏற்றினார்கள். மாத்திரைப் பை மொத்தத்தையும் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்தது அங்கிருந்த மருந்தாளுநர் பெண். ஒரே மருந்து இரண்டு மடங்கு. ரத்தம் உறைய உதவும் அணுக்களைத் தட்டணு (பிளேட்லெட்) என்பார்கள். ஆஸ்பிரின் ஒரு தட்டணுவை முடக்கினால் அந்தத் தட்டணுவின் ஆயுள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள், அது முடங்கியதுதான். குளோபிடோக்ரெலும் அப்படியே. அதனால் கூடுதல் மாத்திரையை நிறுத்திய பிறகும் ரத்தம் சட்டென்று கட்டுப்படவில்லை. காப்பீட்டு நிறுவனம் இது பழைய நோயைச் சேர்ந்தது என்று கையை விரித்துவிட்டது. ஒரு தாளில் நாலு வரி எழுதி வைத்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே கிளம்பும் முன்பே எழுதிவிடுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம், அது எல்லை தாண்டினால் யாருக்கும் புரியாது. உள்ளே இருக்கும் மருந்தின் பொதுப்பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்காக என்று எழுதுங்கள். கூட்டு மாத்திரை என்றால் உள்ளே இருப்பது ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுத வேண்டும். வெட்டாத முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். அளவும் நாட்டுக்கு நாடு மாறும்: ஒரு நாட்டில் 75 மில்லிகிராமாக விற்கும் ஆஸ்பிரின் அமெரிக்காவில் 81. எண் வேறாக இருப்பதால் மருந்தும் வேறு என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மீன் எண்ணெய் மாத்திரை, மூலிகைப் பொடி என்று எதையும் மறைக்காமல் சேர்த்து எழுதுங்கள். அப்புறம், இதைப் படித்துப் பயந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்துவிட்டால் அது மாரடைப்பு. மருத்துவரோ மருந்தாளுநரோதான் சொல்ல வேண்டும்.

“பிரஷர் மூக்கு வழியாக வந்துவிட்டது, தலைக்குப் போயிருந்தால் என்னாவது” என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. மூக்கு வழியாக ரத்தம் போய்ப் பிரஷர் வடிவதில்லை. அதிக ரத்த அழுத்தம் இருந்தால் வருகிற ரத்தம் நிற்பது கடினமாகும், அதுதான் விஷயம். பயத்திலேயே அழுத்தம் ஏறும் என்பதால், ரத்தம் நின்று மனம் அடங்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். பயணக் குழப்பத்தில் பிரஷர் மாத்திரை சில நாள் விட்டுப்போயிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு மூக்கில் ரத்தம் வந்தால் முதல் வாக்கியமே “நான் எங்கே போய்வந்தேன்” என்பதாக இருக்கட்டும். குளிர்நாட்டு மருத்துவருக்கு டெங்கு சட்டென்று நினைவுக்கு வராது. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

பெண்களுக்கு மாதவிலக்கில் ரத்தப்போக்கு எப்போதும் அதிகம், பல் பிடுங்கினாலும் நிற்க நேரமாகிறது, மூக்கிலும் அடிக்கடி வருகிறது என்றால் வான் வில்லிபிராண்ட் நோய் இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-இல் விவரித்த, ரத்தம் சரியாக உறையாத பரம்பரைக் குறைபாடு அது. குடும்பத்தில் பலருக்கும் மூக்கில் ரத்தம் வந்து, உதட்டிலும் நாக்கிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் இருந்தால் ரத்தக்குழாய்கள் சார்ந்த வேறொரு பரம்பரை நோயாக இருக்கலாம், அதையும் சொல்லுங்கள். காரணமே இல்லாமல் உடம்பில் சிவப்புப் பொட்டுகள், நீலத் திட்டுகள், தீராத களைப்பு இருந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் விரல்தான் காரணம், நகத்தை வெட்டிவிடுங்கள். ஒரே துளையில் நாற்றத்தோடு சளியும் ரத்தமும் வந்தால் உள்ளே மணியோ பஞ்சோ மாட்டியிருக்கலாம், வீட்டிலேயே நோண்டாமல் கூட்டிப்போங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வருவது அரிது, வந்தால் கட்டாயம் மருத்துவர் பார்க்க வேண்டும். பதின்வயதுப் பையனுக்கு ஒரு பக்கம் மட்டும் மூக்கடைத்து, அதே பக்கம் திரும்பத் திரும்ப ரத்தம் வந்தால் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பச் சொல்லி வற்புறுத்துங்கள். அந்த வயதுப் பையன்களுக்கு மூக்கின் பின்புறம் வரக்கூடிய ரத்தக்குழாய்க் கட்டி ஒன்று உண்டு.

நிபுணர் பெரும்பாலும் கசியும் இடத்தைப் பார்த்து, மரத்துப்போக மருந்து வைத்து, வெள்ளி நைட்ரேட் குச்சியால் தொட்டுச் சுடுவார். லேசாக எரியும், சில நொடியில் முடிந்துவிடும். நடுச்சுவரில் ஓட்டை விழக்கூடும் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுட மாட்டார்கள். மற்றப் பக்கத்துக்கு இன்னொரு தேதி கொடுத்தால் அலைக்கழிக்கிறார்கள் என்று கோபித்துக்கொள்ளாமல் போய் வாருங்கள். சுட்ட பிறகு சொன்ன நாள்வரை களிம்பைத் தடவுங்கள், பாரம் தூக்காதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.