டெங்கி வந்தால் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படிப்பது எப்படி: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் டெங்கு என்போம். இங்குள்ள தமிழ் அறிவிப்புகளில் அது டெங்கி. பெயரில் என்ன இருக்கிறது, குழப்பமெல்லாம் எண்களில்தான்.

நான் வந்த நான்காம் மாதமே படுத்துவிட்டேன். ரத்த அறிக்கையை மதுரையில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்தேன். "பிளேட்லெட் 92" என்றதும் மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம், "ஆயிரத்தைச் சேர்த்துச் சொல்லப்பா" என்றார். ஊர் ஆய்வகங்களில் பெரும்பாலும் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் என்று அச்சிடுவார்கள். இங்கே அதே அளவு வெறும் 150. ஆக, என் 92 என்பது 92,000.

நம்மவர்கள் பிளேட்லெட்டையே பார்த்துக்கொண்டிருப்போம். மருத்துவர் கூடவே பார்ப்பது ஹீமடோக்ரிட். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்பது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி இந்த எண் ஏறும். 40 இருந்தது 48 ஆனால் 20 சதவீத ஏற்றம், அது ஆபத்து. அதனால்தான் முதல் நாள் தாளைத் தூக்கி எறியக் கூடாது. அது இல்லாவிட்டால் 46 என்பது ஏற்றமா, உங்கள் வழக்கமான அளவா என்று யாருக்கும் தெரியாது. கிளினிக் மாறினால் எல்லாத் தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

பலரும் சறுக்குவது காய்ச்சல் விடும் நாளில். மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்பு குளிர்ந்ததும் எம்.சி.யை (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) மடித்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள். கசிவு தொடங்குவதும் பெரும்பாலும் அப்போதுதான். காய்ச்சல் விட்ட மறுநாளும் என்னை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னபோது, காசு பிடுங்குகிறார்கள் என்றே நினைத்தேன். 41 ஆக இருந்த ஹீமடோக்ரிட் அன்று 46. இரண்டு நாள் கழித்து 42க்கு இறங்கியது, வெள்ளையணு (இதுவும் ஆயிரக் கணக்குதான்) 2.1இலிருந்து 3.8க்கு ஏறியது, பிளேட்லெட் மட்டும் 68இல் கிடந்தது. அம்மாவுக்குக் கலக்கம், மருத்துவருக்கோ நிம்மதி. தேறும்போது வெள்ளையணுதான் முன்னால் ஏறும், பிளேட்லெட் பின்னால் வரும். ஆனால் ஹீமடோக்ரிட் இறங்கியும் உடம்பு மோசமானால் உள்ளே ரத்தக் கசிவாக இருக்கலாம். தாளை வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் வேண்டாம். பப்பாளி இலைச்சாறு, நிலவேம்பு குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், தலைசுற்றல் என்றால் அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு மருத்துவமனையில் தங்கும் செலவுக்கு முதலாளி காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். செலவுக்குப் பயந்து அறையில் கிடக்காதீர்கள்.

உங்கள் புளோக் அருகே சிவப்பு டெங்கிப் பதாகை தொங்கினால் அக்கம்பக்கத்தில் 10 பேருக்காவது வந்திருக்கிறது என்று பொருள். காய்ச்சல் கண்டதுமே பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அதைச் சொல்லுங்கள்; டெங்கிக் கிருமியின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை முதல் 5 நாட்களில்தான் நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.