கோடையில் ஊர் சுற்றக் கிளம்பும்போது எங்கே சொதப்புகிறோம்?

நகரத்துக்குள் ஒருநாள் சுற்றிவர என்ன பெரிய திட்டம் வேண்டியிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மலைக்கோ கடலுக்கோ போவதென்றால் வாரக்கணக்கில் பேசுவோம். பூங்கா, அருங்காட்சியகம், ஆற்றங்கரை என்றால் காலையில் எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். அப்புறம் மத்தியானம் மூன்று மணிக்கு ஏதோ ஒரு நடைபாதையில் அழுகிற குழந்தை ஒன்று, முட்டிவலிக்காரர் ஒருவர், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிப்பவர் ஒருவர் என மொத்தக் கூட்டமும் நட்டநடுவில் நிற்கும். போன இடம் மோசம் என்பதால் ஒரு நாள் கெடுவது அபூர்வம். கூட்டத்திலேயே நன்றாக நடக்கிறவரை மனதில் வைத்துத் திட்டம் போட்டுவிட்டு, வெயிலைக் கணக்கில் எடுக்காமல் கிளம்புவதுதான் பெரும்பாலும் காலை வாருகிறது.

நேரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். "உச்சி வெயில் தாழட்டும், மூணு மணிக்குக் கிளம்பலாம்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போது உச்சத்தில் இருப்பது புற ஊதாக் கதிர். காற்றின் சூடு உச்சத்துக்கு வருவது அதற்குச் சில மணி நேரம் கழித்துத்தான், ஏனென்றால் தரையும் சுவரும் முதலில் சூடேறி, அந்தச் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்க நேரம் பிடிக்கிறது. ஆக, வெயில் தாழட்டும் என்று காத்திருந்தவர்கள் சரியாக அன்றைய மிகச் சூடான நேரத்தில் போய்ச் சேருகிறார்கள். நகரத்தில் இது இன்னும் மோசம். கான்கிரீட்டும் தாரும் பகல் முழுக்க வாங்கிவைத்த சூட்டை இருட்டிய பிறகும் விட்டுக்கொண்டே இருக்கும், அதனால்தான் மரங்களும் மண்ணும் நிறைந்த புறப்பகுதியைவிட நகரத்தின் நடுப்பகுதி இரவில்கூட வெக்கையாக இருக்கிறது.

காலையில் சீக்கிரம் கிளம்பி, வெளியே பார்க்க வேண்டியதைப் பத்து மணிக்குள் முடித்துவிட்டு, நடுப்பகலை ஏதாவது ஒரு கூரைக்குக் கீழே கழித்து, சூரியன் இறங்கிய பிறகு மறுபடி வெளியே வருவதுதான் கோடைக்குப் பொருந்துகிற கணக்கு. அந்தக் கூரை நூலகமாக இருக்கலாம், மீன்காட்சியகமாக இருக்கலாம், உங்கள் வீடாகவே இருக்கலாம். வீட்டுக்கு வந்து குளித்து, ஒரு தூக்கம் போட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பப் போக முடிவது சொந்த நகரத்துக்குள் சுற்றுவதில் மட்டும் கிடைக்கிற வசதி, ஆனால் "வெளியே கிளம்பிட்டா ராத்திரிதான் திரும்பணும்" என்று யாரோ சட்டம் போட்டதுபோல நாம் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

போனில் தெரிகிற வெப்பநிலையை நம்பி ஏமாறுவதும் உண்டு. அந்த எண் நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் அளந்தது. 35 டிகிரி என்று போட்டிருக்கும் நாளில் நேர் வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரிகூடத் தொடும். பெரியவர்களான நமக்குச் செருப்பு மட்டும்தான் அதற்குப் பக்கத்தில். தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கோ முகமே தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வண்டியை மெல்லிய துணியால் மூடிவிட்டால் நிழல் கிடைக்கும் என்று நினைத்து மூடுகிறோம், காற்று அடைபட்டு உள்ளே இன்னும் சூடாகிறது. குடை மாட்டுங்கள், துணி போர்த்தாதீர்கள். விளையாட்டுத் திடலின் உலோகச் சறுக்குமரமும் ரப்பர் விரிப்பும் குழந்தையின் தோலைச் சுட்டுப் புண்ணாக்கக்கூடியவை, ஏற்றிவிடுவதற்கு முன் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதே சோதனைதான், கொஞ்ச நேரம்கூடக் கையை வைத்திருக்க முடியாத தரையில் அதை நடக்கவிடக் கூடாது.

அந்த எண்ணில் ஈரப்பதமும் இல்லை. வியர்வை வழிவதால் மட்டும் உடல் குளிர்வதில்லை, அது ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சட்டையில்தான் ஊறும். ஆகவே கடற்கரை நகரத்தின் 33 டிகிரி, வறண்ட ஊரின் 38-ஐவிட ஆளை அதிகமாகச் சாய்த்துவிடலாம். "நேற்றைவிட இன்னைக்குக் குறைவுதான்" என்று சொல்லிக் கிளம்புவதற்கு முன் வெப்பநிலைக்குக் கீழே 'உணரும் வெப்பம்' என்று இன்னொரு எண் இருக்கும், அதைப் பாருங்கள்.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் ஒருமுறை பூசியதோடு அன்றைய கடமை முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும், தண்ணீரில் இறங்கினாலோ நன்றாக வியர்த்தாலோ அதற்கும் முன்பே. மேகமூட்டமாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், மெல்லிய மேகத்தைத் தாண்டிப் புற ஊதாக் கதிர் நன்றாகவே இறங்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு க்ரீமைவிட நிழலும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும்தான் சரி. எப்போது கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிய ஆப் எதுவும் வேண்டாம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தண்ணீர் பாட்டிலை எல்லோரும் எடுத்துக்கொண்டுதான் போகிறோம், குடிப்பதில்தான் கோட்டை விடுகிறோம். வயதானவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடுகிறது, "எனக்கு வேண்டாம், தாகமில்லை" என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை, உண்மையிலேயே தெரியாது. போதாதற்குப் பாதிப் பேர் கழிப்பறை கிடைக்காதோ என்ற பயத்திலேயே குடிக்காமல் இருப்பார்கள், முக்கியமாகப் பெண்கள். போகிற வழியில் சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து, அதைச் சொல்லியும் வைத்துவிட்டால் தானாகவே தண்ணீர் குடிப்பார்கள். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும், அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயில் நாளில் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுடைய மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவைப்பது நல்லது. நிறைய வியர்க்கிற நாளில் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் சரியில்லை, கூடவே உப்புள்ள ஏதாவது உள்ளே போக வேண்டும்.

யாருக்காவது தலைவலி, தலைசுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் என்று ஆரம்பித்தால் "இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி" என்று இழுக்காமல் நிழலுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, மயங்குவது, இதெல்லாம் தெரிந்தால் அது வெப்பவாதமாக இருக்கலாம். உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டும், மூளையும் மற்ற உறுப்புகளும் பாதிக்கப்படும், உயிருக்கே ஆபத்து. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காமல் கையில் கிடைத்த தண்ணீரையெல்லாம் உடலில் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வியர்வை வழிகிறதே, அப்படியானால் வெப்பவாதமாக இருக்காது என்று தள்ளிப்போடுவதும் தவறு, வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வரலாம்.

நிறுத்தி வைத்த காரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்தே நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. தூங்குகிற குழந்தையை எழுப்ப மனமில்லாமல் "டிக்கெட் வாங்கிட்டு வந்துடறேன்" என்று விட்டுப்போவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

நீச்சல்குளம், நீர்ப்பூங்கா, ஏரிக்கரை என்று போகும்போது நடக்கிற தவறு வேறு மாதிரி. சுற்றிலும் எட்டுப் பெரியவர்கள் இருப்பார்கள், ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். மூழ்குகிறவர் கையை வீசிக் கத்துவார் என்பது பெரும்பாலும் சினிமாவில்தான், நிஜத்தில் மூச்சுக்கே திண்டாடுகிறவருக்குக் கத்த முடிவதில்லை. சத்தமே இல்லாமல் நடந்து முடிந்துவிடும். கால் மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, முறைக்காரர் போனை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் பார்க்கட்டும். கையில் மாட்டும் காற்றடைத்த வளையம் விளையாட்டுப் பொருள், பாதுகாப்புக் கவசம் கிடையாது. குழந்தைக்கு நீல நிற நீச்சலுடையும் வேண்டாம், குளத்துத் தண்ணீரில் அது கண்ணுக்கே தெரியாது.

சரி, உடம்பு விஷயம் போதும், மனுஷங்க விஷயத்துக்கு வருவோம்.

ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்க நிர்வாகவியல் பேராசிரியர் 1974-இல் ஒரு சம்பவத்தை எழுதினார். டெக்சாஸில் கொளுத்தும் ஜூலை மாத மத்தியானம், வீட்டில் எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஹார்வியின் மாமனார் திடீரென்று, அபிலீன் என்ற ஊருக்குப் போய்ச் சாப்பிடலாமா என்று கேட்கிறார். போக 53 மைல், காரில் ஏசி கிடையாது. ஆனாலும் ஒவ்வொருவராகத் தலையாட்ட, புழுதியிலும் வெக்கையிலும் போய், சுமாரான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்து விழுகிறார்கள். அதற்கப்புறம்தான் தெரிகிறது, நான்கு பேரில் ஒருவருக்கும் போக விருப்பமில்லை, கேட்ட மாமனார் உட்பட. மற்றவர்களுக்குச் சலிப்பாக இருக்குமோ என்று அவர் கேட்டிருக்கிறார், அவர் ஆசைப்படுகிறார் என்று மற்றவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களில் "எனக்கு எதுன்னாலும் ஓகே" என்று வரிசையாக விழும் பதில்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கார்தான் ஞாபகம் வரும். எங்கே போகலாம் என்று பொதுவாகக் கேட்காமல், "எது வேண்டாம், ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாததைச் சொல்ல ஏனோ யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை.

நண்பர்களோடு போகும்போது பணத்தைப் பற்றி முன்னாலேயே பேசாமல் இருப்பதும் இதே வகைதான். ஒருவருக்குச் சாதாரணமாகப் படுகிற டிக்கெட் இன்னொருவருக்கு அந்த மாத பட்ஜெட்டில் ஒரு ஓட்டை, அங்கே போய் வாசலில் நின்றபிறகு அவரால் முடியாது என்று சொல்ல முடியுமா? தலைக்குத் தோராயமாக எவ்வளவு ஆகும் என்று கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு வரி போட்டுவிட்டால் போதும்.

ஒரே நாளில் ஐந்து இடம் என்று பட்டியல் போடுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சமும் இரக்கம் கிடையாது. ஓர் இடம், அதோடு வாய்த்தால் இன்னொன்று, அதற்கு மேல் போனால் நாள் முழுக்கப் பார்க்கிங் தேடியே கழியும். போகிற இடம் அன்று திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் விட்டுப்போகிறது. பல ஊர்களில் அருங்காட்சியகங்களுக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை, பெரும்பாலும் திங்கள். கடைசி அனுமதி நேரமும் மூடும் நேரமும் ஒன்றல்ல என்பது வாசல் கதவு வரை போனபிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

கூட்டமான இடத்தில் குழந்தை கைவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்று வீட்டிலேயே பேசிவிடுங்கள். காணாமல் போனது தெரிந்ததும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள், கையில் பேனாவால் உங்கள் போன் எண்ணை எழுதுங்கள். கிளம்பும்போது அன்றைய உடையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் என்ன நிறச் சட்டை என்பதே மறந்துபோகும். பெரியவர்கள் பிரிந்தால் சந்திப்பதற்கு இடம் குறிக்கும்போது பலூன்காரர் பக்கத்தில் என்று சொல்லாதீர்கள், அவர் நகர்ந்துவிடுவார். போன் இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். கூட்டத்தில் சிக்னல் திணறும், நேர் வெயிலில் படமெடுத்துக்கொண்டே இருந்தால் போன் சூடாகித் தானே அணைந்துவிடும்.

வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோகிறவர்கள், சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் ஒரு மணி நேரம்தான். மணத்திலும் ருசியிலும் எந்த மாற்றமும் தெரியாமலே கெட்டுப்போயிருக்கும். ஐஸ் போட்ட பெட்டியில் வைத்தால் கவலையில்லை, அந்தப் பெட்டியைக் காரின் பின்பக்கத்தில் வேகவிடாமல் இருந்தால்.

அப்புறம், எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து, பையைத் தூக்கி, படமும் எடுக்கிற அந்த ஒருவர். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார், எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். அடுத்தமுறை பை வேறு தோளுக்கு மாறட்டும். அன்றைய செலவுக் கணக்கையும் அவர் தலையில் கட்டாமல் அன்றிரவே பிரித்துக் கொடுத்துவிடுங்கள், ஒரு வாரம் போனால் பார்க்கிங்குக்கு யார் கொடுத்தது என்று ஆளுக்கு ஒரு ஞாபகம் இருக்கும்.