சுவர் விரிசலை அடைக்கும் முன் அது அசைகிறதா என்று பாருங்கள்

மொரீஷியஸில் 1960-இல் அலிக்ஸ், கேரல் புயல்கள் அடித்து ஓய்ந்த பிறகு கான்கிரீட் பிளாக் வீடுகள் பெருகின. புயலைத் தாங்கும் வீடுகள்தான். ஆனாலும் உள்சுவர்ப் பூச்சில் மயிரிழை விரிசல் வராத வீடு அபூர்வம். தைப்பூசக் காவடிக்குப் பெயின்ட் அடிக்க நினைப்பவர்கள், நவம்பரில் மழைக்காலம் தொடங்கும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். மழையில் ஊறிய சுவரில் பட்டி (விரிசலை அடைக்கும் விழுது) பிடிக்காது.

முதலில் விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில வாரம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டாமல், ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் நீங்களே அடைக்கலாம். ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, படிக்கட்டு போல பிளாக் இணைப்புகள் வழியே ஓடினாலோ, கதவு இறுக ஆரம்பித்தாலோ பட்டியை எடுக்காதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மேல்தளத்துக்கு அடியில், சுவர் தொடங்கும் இடத்தில் கிடையாக ஓடும் விரிசல் தனி ரகம். நம் ஊர் வெயிலில் தட்டையான கான்கிரீட் தளம் பகலில் விரியும், இரவில் சுருங்கும். அதற்குக் கீழே சுவர் அப்படி அசையாது. அங்கே கெட்டியான பட்டி போட்டால் மறுபடி பிளக்கும். துப்பாக்கி போன்ற கருவியில் வைத்து அழுத்தும், பெயின்ட் ஏற்கக்கூடிய அக்ரிலிக் சீலன்ட் என்ற அடைப்புப் பசைதான் அதற்குச் சரி. காய்ந்த பிறகும் அது இழுபடும்.

மற்ற விரிசல்களுக்கு வருவோம். சுற்றிலும் விரலால் தட்டுங்கள். டொக் டொக் என்று வெற்றொலி கேட்டால் அந்தப் பூச்சைப் பெயர்த்தெடுக்க வேண்டும். அப்புறம் சுரண்டியின் முனையால் விரிசலைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். நல்ல சுவரை ஏன் கீறுவது என்று தயங்க வேண்டாம். மயிரிழைக்குள் பட்டி இறங்காது, மேலே தோல் போல உட்கார்ந்து உரிந்துவிடும்.

தூசியைப் பிரஷ்ஷால் துடைத்து, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். பொடிப் பட்டியைத் தயிர்ப் பதத்துக்குக் கலந்து, விரிசலுக்குக் குறுக்கே அழுத்தித் தள்ளுங்கள், பிறகு நீளவாக்கில் இழுத்துச் சமன் செய்யுங்கள். காயும்போது சுருங்கும் என்பதால் சற்றே மேடாக விடுங்கள். பள்ளம் ஆழமானால் இரண்டு தடவையாக, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு.

முகக்கவசம் போட்டு, 120, பிறகு 180 எண் உப்புத்தாளால் தேயுங்கள். பழைய வீடு என்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை வாங்குங்கள், குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

பட்டி போட்ட இடத்துக்கு முதலில் தண்ணீர் கலந்த எமல்ஷன் ஒரு கை. இல்லாவிட்டால் பட்டி பெயின்ட்டை உறிஞ்சி, அந்தக் கோடு மங்கலாகத் தெரியும். பிறகு மூலைக்கு மூலை சுவர் முழுக்க அடியுங்கள்.