எல்லைக்கோடு எவ்வளவு நேர்? கல்லுக்குக் கல் பார்க்கும் முறை

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை ஒட்டி வீடோ பள்ளியோ கோயிலோ உள்ளவர்களுக்கு எல்லைக்கல் தெரியாத பொருள் அல்ல. கல் நிற்கும் இடம்தான் எல்லை. நடுவில் ஓடும் வேலி, கால்வாய், செம்பனை நிரை எதுவும் எல்லை ஆகாது. உலக வரைபடத்தில் அடிக்கோல் வைத்து இழுத்தது போலத் தெரியும் நாட்டு எல்லைகளுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். ஒப்பந்தத்தில் இருப்பது ஓர் அட்சரேகை, தரையில் இருப்பது கற்கள். இரு நாடும் ஏற்றுக்கொண்ட கல், ரேகையை விட்டு விலகி நின்றாலும் எல்லை கல்லோடுதான் போகும்.

முதலில் கணினியில் பழகுங்கள். கூகுள் எர்த் ப்ரோ இலவசம். அதில் வரும் எல்லைக்கோட்டை அணைத்துவிடுங்கள், அது கணக்குக்கு உதவாது. அமெரிக்க–கனடா எல்லையின் மேற்குப் பாதிக்குப் போங்கள். 1818, 1846 ஒப்பந்தங்களின்படி அது 49 டிகிரி வட அட்சரேகை. காட்டுப் பகுதிகளில் எல்லை நெடுக 6 மீட்டர் அகலத்துக்கு மரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள், மேலிருந்து பார்த்தாலே தெரியும். அந்த வெட்டுப்பாதையில் 30 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு குறி வையுங்கள். ரூலர் கருவியால் இரண்டையும் இணையுங்கள். பிறகு கட்டக்கோடுகளைத் திறந்து 49 டிகிரி எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பாதை சில இடத்தில் ரேகைக்கு வடக்கே இருக்கும், சில இடத்தில் தெற்கே இருக்கும்.

முதல் காரணம் பூமியின் உருண்டை. அட்சரேகை என்பது வளைகோடு, ரூலர் இழுப்பது மிகக் குறுகிய வழி. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு விலகல் வரும் என்பதைக் கைபேசியிலேயே கணக்கிடலாம்: தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்துங்கள், அட்சரேகையின் டேன்ஜன்ட்டால் பெருக்குங்கள், 51-ஆல் வகுங்கள். விடை மீட்டரில் வரும். 49 டிகிரியில் 2 கிலோமீட்டருக்கு 9 சென்டிமீட்டர்தான். 32 கிலோமீட்டருக்கு 23 மீட்டர்! வளைவை விட்டுவிட்டு அடுத்தடுத்த கற்களுக்கு இடையே நேர்கோடுதான் எல்லை என்று 1925 ஒப்பந்தம் தீர்த்து வைத்தது. ஆகவே அந்த நீண்ட 'நேர்கோடு' உண்மையில் சின்னச் சின்ன நேர்த்துண்டுகளின் தொடர்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது, பலர் கவனிக்காதது. அந்த எல்லையை அளந்த 1872–74 அளவையில் சுமார் 20 மைலுக்கு ஓரிடம் நட்சத்திரம் பார்த்து அட்சரேகையைக் கண்டார்கள். அதற்குச் செங்குத்து எது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது ரசமட்டமும் தூக்குக்குண்டும். பக்கத்தில் மலையோ, நிலத்தடியில் கனத்த பாறையோ இருந்தால் குண்டு அந்தப் பக்கம் மிக நுட்பமாகச் சாயும். ஒரு விநாடிக் கோணம் (டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) பிசகினால் தரையில் 31 மீட்டர். நாலு விநாடி என்றால் நூறு மீட்டரைத் தாண்டிவிடும். அளந்தவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்ல, அன்றைய கருவிக்குப் பூமியே அப்படித்தான் காட்டியது.

மூன்றாவது, ஆயத்தொகுப்பு, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எந்த அடிப்படையிலிருந்து கணக்கிடுகிறோம் என்பது. பழைய மலாயா வரைபடங்கள் கெர்த்தாவ், சபா–சரவாக் வரைபடங்கள் திம்பலாய் தொகுப்பில் உள்ளவை. கைபேசி காட்டுவது டபிள்யூஜிஎஸ்84. பழைய தாளின் எண்ணை அப்படியே கைபேசியில் தட்டினால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள். மாற்றிக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

நம் நாட்டில் இதைச் செய்து பார்க்க செபாத்திக் தீவு இருக்கிறது. 1891-இல் பிரிட்டனும் டச்சும் 4 டிகிரி 10 நிமிட ரேகையால் தீவை வெட்டின. வடக்கு சபாவுக்கு, தெற்கு இந்தோனேசியாவுக்கு. பூமத்தியரேகைக்கு அருகே என்பதால் 25 கிலோமீட்டருக்கும் வளைவு ஒரு மீட்டரை எட்டாது. கோடு வீடுகளையும் விடவில்லை: அஜி கூனிங்கில் கூடம் ஒரு நாட்டிலும் அடுப்படி மறு நாட்டிலுமாக இருந்து ஒரு வீடு பெயர் பெற்றது. தாய்லாந்து எல்லையை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். 1909 ஒப்பந்தப்படி அது நீர்ப்பிரிமுகட்டோடும் கோலோக் ஆற்றோடும் போகிறது.

இப்போது தரைக்கு வருவோம். ஜூப்பெம் எனப்படும் நில அளவை இலாகாவிடம் உங்கள் லாட்டின் (நிலத் துண்டின்) பெலான் அக்குய், அதாவது சான்றளிக்கப்பட்ட அளவை வரைபடத்தின் நகலைக் கட்டணம் கட்டி வாங்குங்கள். கல்லுக்குக் கல் திசைக்கோணமும் தூரமும் அதில் இருக்கும். பழைய தாளில் தூரம் சங்கிலிக் கணக்கில் இருந்தால் ஒரு சங்கிலி 20.12 மீட்டர். பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் பிரிந்த நிலங்களுக்கு, பிரிவினைக்குப் பிந்திய தாளைக் கேளுங்கள். பட்டா இல்லாமல் தோட்ட நிலத்துக்குள்ளேயே நிற்கும் கோயிலுக்குத் தனிக் கல் இருக்காது. அங்கே அளவுக்கு முன் பட்டா விவகாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தேவையானவை: 50 மீட்டர் டேப், இரண்டு மீட்டர் உயரத்தில் வெள்ளை–சிவப்பு அடித்த மூன்று கம்புகள், தூக்குக்குண்டு, ஓர் உதவியாள். இரு கற்களின் மேலும் கம்பை நேராக நிறுத்துங்கள். ஒரு கம்புக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். உதவியாள் மூன்றாவது கம்பை இடம் வலமாக நகர்த்தட்டும். தூரத்துக் கம்பும் நடுக்கம்பும் முன்கம்புக்குப் பின்னால் மறையும்போது மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும். கம்பின் அடியைப் பார்த்து முடிவு செய்யுங்கள், தலை சாய்ந்திருக்கலாம். நடுவில் மேடு மறைத்தால் மேட்டின் மேல் இருவர் நின்று, ஒருவர் மற்றவரை எதிர்க் கல்லின் நேருக்கு மாறி மாறி நகர்த்த வேண்டும். இருவரும் நகரத் தேவையில்லாதபோது கோடு கிடைத்துவிட்டது.

கோடு கிடைத்ததும் 10 மீட்டருக்கு ஒருமுறை, கோட்டிலிருந்து வேலி எத்தனை சென்டிமீட்டர் உள்ளே, வெளியே என்று கோட்டுக்குச் செங்கோணத்தில் அளந்து எழுதுங்கள். பிழை அதிகம் வருவது சரிவில். 10 டிகிரி சரிவில் தரையோடு 30 மீட்டர் அளந்தால் கிடை தூரம் 29.54 மீட்டர்தான். டேப்பைச் சிறு துண்டுகளாக மட்டமாகப் பிடித்து, நுனியில் குண்டைத் தொங்கவிட்டு இறங்குங்கள். ஃபைபர் டேப்பைப் பலமாக இழுத்தால் நீளும். திசைகாட்டியைக் கம்பிவேலி அருகே வைத்தால் முள் விலகும், 200 மீட்டரில் ஒரு டிகிரி பிழை மூன்றரை மீட்டர். கைபேசி ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே சில மீட்டர் தவறும். செம்பனை ஓலைக்கு அடியில் இன்னும் மோசம். கல்லைத் தேடிப் போக உதவும், எல்லை சொல்ல உதவாது.

கல் சாய்ந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ நீங்களே நடவேண்டாம், தோண்டவும் வேண்டாம். எல்லைக்கல்லை நகர்த்துவது குற்றம். மறுநடவுக்கு வந்த மண்வாரி இயந்திரம் தள்ளிய கல், பார்ப்பதற்கு அசையாமல் நிற்பது போலவே இருக்கும். அதனால் இரண்டு கல்லை மட்டும் நம்பாமல் மூன்றாவது, நான்காவது கல் வரை தூரம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் எழுதிய அளவுகளோடும் பெலான் அக்குயோடும் உரிமம் பெற்ற நில அளவையாளரிடம் செல்லுங்கள். பக்கத்து நிலத்தாரையும் அன்றைக்கே அழைத்து வந்து கல்லை நேரில் காட்டுங்கள்.