சமுதாய வானொலியில் ஒரு மணி நேரக் கதம்ப நிகழ்ச்சி தயாரிப்பது எப்படி?

சமுதாய வானொலி நிலையத்தில் தன்னார்வலராகச் சேர்ந்த சில வாரங்களிலேயே, ‘வாரம் ஒரு மணி நேரம் உங்களுடையது, பாட்டும் பேச்சும் செய்தியுமாக ஏதாவது செய்யுங்கள்’ என்று பொறுப்பாளர் சொல்லிவிடுவார். அந்த ‘ஏதாவது’ என்ற சொல்லை நம்பி இறங்குகிறவர்கள் நாற்பது நிமிடம் திரைப்பாடலையும் இருபது நிமிடம் வாழ்த்துச் செய்தியையும் தந்துவிட்டு, நேயர்கள் ஏன் தனியார் பண்பலைக்குப் போய்விடுகிறார்கள் என்று யோசிப்பார்கள். தனியார் நிலையங்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் உண்டு; அது உள்ளூர் ஆட்களின் பேச்சு. அதை நடுவில் வைத்து மற்ற இரண்டையும் அதற்குத் துணையாக அமைப்பதே இங்கே விளக்கப்படும் முறை. பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் ‘கடல் ஓசை’ போன்ற கடலோர நிலையங்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். வயல்வெளி ஊர்களில் இருப்பவர்கள் மீனுக்குப் பதிலாக நெல்லை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வானொலி அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006-இல் தொண்டு நிறுவனங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் ஆகியவற்றுக்கும் சமுதாய வானொலி நடத்த அனுமதி கிடைத்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004-இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் செய்தியைப் பொறுத்தவரை கதவு முழுவதும் திறக்கவில்லை. நாமாகச் செய்தியறிக்கை தயாரித்து வாசிக்கக் கூடாது. அரசியல் விவாதமும் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றமின்றி மறு ஒலிபரப்புச் செய்யலாம். வானிலை, போக்குவரத்து, தேர்வும் வேலைவாய்ப்பும், பண்பாட்டு விழாக்கள், குடிநீர், மின்சாரம், பேரிடர், நலவாழ்வு பற்றி உள்ளாட்சியும் அரசுத் துறைகளும் தரும் அறிவிப்புகள் ஆகியவை செய்தி என்ற வகையில் சேர்வதில்லை என்பதால் அவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். இந்தத் தடை எனக்கு நியாயமாகப் படவில்லை. இருந்தாலும் அனுமதிக்கப்பட்ட இந்தப் பட்டியலை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே ஓர் ஊருக்கு அன்றாடம் தேவைப்படும் தகவலில் பெரும்பகுதி அடங்கிவிடும். கிராம சபைக் கூட்டம் எந்த நாளில், எந்த இடத்தில் என்பதை ஊராட்சியின் அறிவிப்பாகச் சொல்லலாம். அந்தக் கூட்டத்தில் யார் யாரை என்ன கேட்டார் என்பதை விமர்சிக்கப் புகுந்தால் எல்லையைத் தாண்டிவிடுகிறோம்.

நிகழ்ச்சியைத் திட்டமிடும்போது உரையாடலில் தொடங்குங்கள். யாரிடம், எதைப் பற்றி என்பது முடிவான பிறகே அறிவிப்புகளையும் பாடல்களையும் தேட வேண்டும். பொருள் குறுகலாக இருப்பது நல்லது. ‘மீனவப் பெண்களின் வாழ்க்கை’ என்பது ஒரு மணி நேரத்துக்குள் அடங்காது. ‘ஏலக் கூடத்திலிருந்து சந்தைக்குக் கூடை போய்ச் சேருவது எப்படி’ என்பது அடங்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் படகு பழுதுபார்ப்பு, வலை முடைதல், நிவாரணத் தொகைக்குத் தேவைப்படும் ஆவணங்கள் என்று பொருள்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். அவர்களுக்கும் அப்போதுதான் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

பேட்டியில் கேள்விதான் எல்லாம். மீன் விற்கும் அக்காவிடம் போய், ‘வியாபாரம் எப்படிப் போகிறது?’ என்று கேட்டால், ‘ஏதோ ஓடுது தம்பி’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘இன்னைக்குக் காலையில கூடை என்ன விலைக்கு எடுத்தீங்கக்கா?’ என்று கேட்டுப் பாருங்கள். விலையைச் சொல்வார், நேற்றைய விலையோடு ஒப்பிடுவார், ஐஸ் விலையைத் திட்டுவார், பேருந்தில் கூடையை ஏற்ற விடாத நடத்துநரிடம் வந்து நிற்பார். எண், இடம், நேரம் ஆகியவற்றைக் கேட்கும் சிறிய கேள்விக்கு மனிதர்கள் கதையாகப் பதில் சொல்வார்கள். பெரிய கேள்விக்கோ மேடைப் பேச்சுத்தான் வரும். எழுதி எடுத்துச் செல்லும் கேள்விகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். அவர் பேசும் வழக்கைத் திருத்தவும் வேண்டாம். வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று அவர் காற்றுக்குப் பெயர் சொன்னால் அப்படியே இருக்கட்டும். நேயர்களுக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ஒலிப்பதிவுக்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. செல்பேசியும், சட்டையில் குத்தும் சிறிய மைக்கும் போதும். செல்பேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள். கையில் பிடிக்கும் மைக்காக இருந்தால் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். அப்போதுதான் பகர ஒலியின் மூச்சு மைக்கில் மோதாது. மைக்கை விருந்தினர் கையில் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் இடைமறித்துக் கேள்வி கேட்கும் வழி அடைபட்டுவிடும். கடற்கரையில் காற்றுதான் பெரிய எதிரி. நுரைப்பஞ்சு உறை போட்டு, படகின் மறைவிலோ சுவரின் மறைவிலோ உட்காருங்கள். வீட்டுக்குள் என்றால் மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் கேட்டு நிறுத்துங்கள். கிளம்பும்போது பெட்டியை மறுபடி இயக்கிவிட்டு வருவதும் உங்கள் பொறுப்பு. பேச்சு முடிந்த பின், ஏலக் கூச்சலையோ அலை ஒலியையோ தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டால், தொகுக்கும்போது வெட்டிய இடங்களை மூட அது உதவும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 100 வாட் ஆற்றலுக்கு உட்பட்ட நம் ஒலிபரப்பு, சமவெளியில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவு வரை கேட்கும். அந்த வட்டத்துக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெயரை மறைத்துவிட்டோம் என்று நாம் நினைத்தாலும் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஆகையால் கடன், குடும்பச் சண்டை, நோய் பற்றி ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தால், பதிவை அவருக்குப் போட்டுக் காட்டி, வைக்கலாமா என்று கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் வாதாடாமல் எடுத்துவிடுங்கள்.

அறிவிப்புகளைக் காதுக்கு ஏற்றபடி திருப்பி எழுத வேண்டும். வானிலை அறிக்கையில், ‘மன்னார் வளைகுடா மற்றும் அதனை ஒட்டிய குமரிக்கடல் பகுதிகளில் பலத்த காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்’ என்று இருக்கும். நாம் இப்படிச் சொல்லலாம்: ‘மன்னார் வளைகுடாவிலும் குமரிக்கடலிலும் நாளை காற்று பலமாக இருக்கும். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் வரை வீசலாம். நடுநடுவே அறுபத்தைந்தையும் தொடலாம். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை ஆய்வு மையம் எச்சரித்திருக்கிறது.’ எண்களைத் தாளில் எழுத்தாலேயே எழுதிவிட்டால் வாசிக்கும்போது நா தடுமாறாது. அறிக்கை எத்தனை மணிக்கு வெளியானது, எதுவரை பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அலை உயரத்துக்கு ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பை நாடலாம். எச்சரிக்கை எதுவாக இருந்தாலும் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஒரு முறையும் இறுதியில் ஒரு முறையும் வர வேண்டும்; பாதியில் வானொலியைத் திருப்புகிறவர்கள்தான் அதிகம்.

பாட்டுக்கு வருவோம். ஒரு மணி நேரத்தில் நான்கு பாடல்கள் போதும் என்பது என் கருத்து. நேயர் விருப்பம் என்ற பழக்கம் இலங்கை வானொலிக் காலத்திலிருந்தே நமக்குப் பிரியமானதுதான். ஆனால் சற்றே இடம் கொடுத்தால் நிகழ்ச்சி முழுவதையும் அது விழுங்கிவிடும். திரைப்பாடலை ஒலிபரப்ப உரிமம் வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 31டி பிரிவு, முன்னறிவிப்பும் கட்டணமும் தந்து பாடல்களை ஒலிபரப்ப வானொலிகளுக்கு வழி தருகிறது. பழைய பாட்டுக்கு உரிமை கிடையாது என்ற பேச்சை நம்ப வேண்டாம்: ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டில் முடிந்தாலும், பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமை அவர்கள் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் தொடரும். பாரதியார் பாட்டை உள்ளூர்ப் பள்ளி மாணவியைப் பாட வைத்துப் பதிவு செய்யலாம், மெட்டு ஏதேனும் திரைப்படத்தினுடையதாக இல்லாதவரை.

இதைவிட நல்ல வழி ஊர்ப் பாட்டுகளைச் சேகரிப்பது. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு, தாலாட்டு, கும்மி என்று கேட்டால் பாடுவதற்கு ஆள் இருப்பார்கள். ஒப்பாரியைப் பதிவு செய்ய நினைத்தால் மட்டும் எச்சரிக்கை தேவை: சாவு விழாத வீட்டுக்குள் அதைப் பாடுவது ஆகாது என்று பல பாட்டிமார்கள் மறுத்துவிடுவார்கள், கோயில் திடலிலோ தோப்பிலோ உட்கார்ந்தால் சிலர் சம்மதிப்பார்கள். பாடியவரின் பெயரையும் ஊரையும் பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பேச்சுக்கும் அடுத்து வரும் பாட்டுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். கடன் பற்றிய பேச்சை அடுத்துக் குத்துப்பாட்டு வந்தால், பேசியவரைக் கேலி செய்ததாகவே ஊர் எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு கோக்கும் வேலை எளிது. நிகழ்ச்சியின் அடையாளமாகத் தொடக்கத்தில் வரும் குறியிசை அரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதையடுத்து இன்று யார் பேசுகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லி, அறிவிப்புகளை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். இருபத்தைந்து நிமிடப் பேட்டியை மூன்று துண்டாக்கி, ஒவ்வொன்றும் நேயர் அடுத்ததை எதிர்பார்க்கும் இடத்தில் நிற்கும்படி வெட்டுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். இருமலை நீக்கலாம்; பதில் சொல்லுமுன் ஒருவர் யோசித்த மௌனத்தை நீக்க வேண்டாம். நேயர்களின் வாட்ஸ்அப் குரல்பதிவுகளுக்கு மீதி நேரத்தில் இடம் கொடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் பேசி அனுப்பும்படி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், அனுப்பியதை முழுவதும் கேட்காமல் ஒலிபரப்பாதீர்கள். விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் வரை 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இடமளிக்கிறது; ஆனால் நம் ஊர்க் கடைகளை நம்பி அத்தனை நிமிடம் நிரம்பிய நிலையத்தை நான் பார்த்ததில்லை.

ஒலிபரப்பான ஒவ்வொரு நிகழ்ச்சியின் பதிவையும் மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. கோப்புக்கு நாள், நிகழ்ச்சி, விருந்தினர் என்ற வரிசையில் பெயரிட்டு, ஒரு படியை நிலையத்துக் கணினியிலும் மற்றொன்றைத் தனி வன்தட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பாட்டுகளின் வெட்டாத மூலப்பதிவை அந்த மூன்று மாதக் கணக்கில் சேர்த்து அழித்துவிடாமல் தனிக் கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள்.